மாடு பார்க்கிறது ஒரு வேலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலைக்காரி. கறவை மாடுகளின் நடத்தையையும் நலனையும் ஆராய்வதுதான் என் பிழைப்பு, அதில்தான் பட்டமும் எடுத்தேன், அதைத்தான் படிப்பிக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியிலும், தம்பலகாமம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதும், ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போதும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது, எழுதி வைத்துவிடுகிறேன். ஒழுங்கு வரிசை ஒன்றும் கிடையாது.

மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கலாநிதிப் பட்டமா?

கிண்ணியாவில் ஒரு பட்டிக்காரக் காக்கா முதல் நாளே இதைத்தான் கேட்டார். "மகள், மாடு எண்ணுறதுக்கா கம்பஸ் போனீங்க? எங்கட பொடியன் படிக்காமலே எண்ணுவானே." எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்று பின்னேரம் நூற்றுச் சொச்சம் மாடுகள் பட்டிக்குள் நுழைந்தபோது அந்தப் பொடியன் எண்ணவேயில்லை, ஒரு தரம் பார்த்துவிட்டு "செவலையக் காணல்ல" என்றான். தேடிப்போனோம். பற்றைக்குப் பின்னால் ஈன்ற கன்றை நக்கிக்கொண்டு நின்றது செவலை. "நேத்தே தனியப் போய்ப் போய் வந்தது" என்றான், அதில் என்ன பெரிய புதினம் என்கிற மாதிரி.

அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் பட்டியை விட்டு டுபாய்க்குப் போனால் அந்த அறிவும் சேர்ந்து விமானம் ஏறிவிடும். ஈனப்போகும் மாடு விலகும் என்றால் எத்தனை மணித்தியாலத்துக்கு முன்? எல்லா மாடுமா? தலையீத்து மாடும் அப்படித்தானா? ஒதுங்க மறைவிடமே இல்லாத கொட்டகையில் அது என்ன செய்யும்? இப்படிப் பிரித்துக் கேட்டு, எண்ணி, வேறோர் ஊரில் வேறோர் ஆள் சரிபார்க்கக்கூடிய மாதிரி எழுதி வைப்பதற்குத்தான் அந்தப் பட்டம்.

அப்போ நீங்கள் மாட்டு டொக்டர்?

இல்லை. எனக்கு ஊசி போடத் தெரியாது, போடவும் கூடாது. மாட்டுக்கு மடிவீக்கம் என்றால் உங்கள் பிரதேசக் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். அந்த மடிவீக்கம் வந்த மாடு வலியோடு எத்தனை நாள் நின்றது, படுக்கும்போது எந்தப் பக்கத்தைத் தவிர்த்தது, தீன் தொட்டிக்கு எத்தனை தரம் குறைவாக வந்தது என்பதெல்லாம் தெரிய வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள்.

"நலன்" என்றால் என்ன? நாங்கள் நல்லாத்தானே பார்க்கிறோம்?

நீங்கள் நல்லாப் பார்ப்பது பராமரிப்பு. மாடு எப்படி இருக்கிறது என்பது நலன். ரெண்டும் பெரும்பாலும் சேர்ந்தே போகும், எப்போதும் அல்ல.

இந்தத் துறை தொடங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானியாவில் 1964இல் ரூத் ஹரிசன் என்கிற பெண்மணி, தொழிற்சாலை மாதிரி விலங்குகளை அடைத்து வளர்க்கும் பண்ணைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த சனம் கொதித்துப்போனதில் அரசாங்கம் ஒரு குழு போட்டது. 1965இல் அந்தப் பிராம்பெல் குழு கேட்டது மிகச் சின்ன விஷயம்: எழும்ப, படுக்க, திரும்ப, உடம்பை நக்கிச் சுத்தம் செய்ய, கை கால் நீட்ட இடம் கொடுங்கள். இவ்வளவுதான். இதைக்கூட எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. பிறகு 1986இல் டொனால்ட் புரூம் என்பவர் கேம்பிரிட்ஜில் விலங்கு நலனுக்கென்றே பேராசிரியரானார், உலகத்திலேயே அப்படியொரு கதிரை அதுதான் முதல். ஆக இது வயது குறைந்த துறை. எங்கள் அம்மாமார் பள்ளிக்கூடம் போன காலத்தில் இப்படியொரு பாடமே இல்லை.

இன்றைக்கு மூன்று விதமாகக் கேட்கிறோம். உடம்பு சுகமாக இருக்கிறதா, மனம் எப்படி இருக்கிறது, தன் இயல்புப்படி வாழ விடுகிறோமா. கனடாவில் டேவிட் ஃபிரேசர் இந்த மூன்றையும் பிரித்து எழுதினார், எனக்கு அது விளங்கியது தம்பலகாமத்தில்தான். வெளிநாட்டுக் கலப்பு மாடு ஒன்று சீமெந்துத் தரையில் கட்டப்பட்டு, வயிறு நிறையப் புல்லும் பிண்ணாக்கும் தின்று, தடுப்பூசியெல்லாம் போட்டு மினுமினுவென்று நிற்கிறது, ஆனால் கயிறு ரெண்டு முழம். அந்த வீட்டுக்கு அரைக் கட்டை, அதாவது அரை மைல், தள்ளி நாட்டு மாட்டுப் பட்டி, விலா எலும்பை எண்ணலாம், உடம்பெல்லாம் உண்ணி, ஆனால் காடு மேடு முழுக்க நடக்கிறது, கூட்டாளிகளோடு நிற்கிறது, கன்று பக்கத்திலேயே. இதில் எது நல்லா இருக்கிறது? வகுப்பில் இதைக் கேட்டால் அரை மணித்தியாலம் சண்டை நடக்கும். நான் தலையிடுவதில்லை, எனக்கே முடிவு தெரியாது.

மாடு வாய் திறந்து சொல்லாதே, அதுக்கு என்ன வேணும் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளும்.

லேசான வழி, ரெண்டை வைத்து எதை எடுக்கிறது என்று பார்ப்பது. மணலும் சீமெந்தும், நிழலும் வெயிலும். ஆனால் ஒன்றைத் தெரிவு செய்வதும் அது இல்லாமல் முடியாது என்பதும் ஒன்றல்ல. எனக்கு பிளேன்டீயை விடப் பால்டீ பிடிக்கும், அதற்காகப் பால்டீக்கு மூன்று கட்டை நடப்பேனா? நடக்க மாட்டேன். அப்போ மாடு எவ்வளவு தூரம் "நடக்கும்" என்று அளக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரு தள்ளுகதவு செய்தார்கள். மாடு தலையால் தள்ளினால் திறக்கும். நாளுக்கு நாள் கதவில் பாரம் கூட்டிக்கொண்டே போவார்கள், எந்தப் பாரத்தில் "போதுமப்பா" என்று விடுகிறதோ அதுதான் அந்தப் பொருளுக்கு மாடு போடும் விலை. கதவுக்கு அந்தப் பக்கம் புதிதாகப் போட்ட தீன் வைத்தார்கள், இன்னொரு தரம் முதுகு சொறிகிற சுழல் தூரிகை வைத்தார்கள். 2018இல் வந்த முடிவு: தூரிகைக்காகத் தீனுக்குத் தள்ளிய அளவே பாரத்தைத் தள்ளின. அதே இடத்தில் இரவு நேரப் புல்வெளிக்கும் இப்படிப் பார்த்தார்கள், அதற்கும் தீனளவு மதிப்பு.

இதை நான் இங்கே ஒரு பட்டிக்கார அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, பட்டி வாசலில் நின்ற பாலை மரத்தைக் காட்டினார். மாட்டின் கழுத்துயரத்தில் பட்டை வழுவழுவென்று தேய்ந்து, மினுக்கிய மேசைக் கால் மாதிரி இருந்தது. "இத வெட்டச் சொன்னாங்க, நான் விடல்ல. வெட்டினா வேலிக் கட்டையெல்லாம் சரியும்." கனடாக்காரர் கதவில் பாரம் ஏற்றிக் கண்டதை இவர் வேலிக் கட்டை சரிந்து கண்டிருக்கிறார்.

மாட்டுக்கு உணர்ச்சி இருக்கிறது என்று நிரூபிக்க முடியுமா?

நேரடியாக முடியாது, உங்களுக்கு உணர்ச்சி இருக்கிறது என்பதையும் நான் நேரடியாக நிரூபிக்க முடியாது. சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். 2013இல் வந்த ஓர் ஆய்வு: கன்றுகளுக்குத் திரையில் ஒரு நிறம் வந்தால் கிட்டப் போ, பால் கிடைக்கும், மற்ற நிறம் வந்தால் போகாதே, போனால் கொஞ்ச நேரம் ஒன்றும் கிடைக்காது என்று பழக்கினார்கள். சிவப்பு, வெள்ளை. பழகியபின் இடைப்பட்ட நிறம் காட்டினால் கன்று என்ன செய்யும்? நல்லதே நடக்கும் என்று நம்புகிற கன்று கிட்டப் போகும். கொம்புக் குருத்தைச் சுட்ட பிறகு அதே கன்றுகள் இடைநிறத்துக்குப் போவது குறைந்தது. மருந்தின் விறைப்புத் தீர்ந்து வலி இருக்கிற நேரம் அது. தாயிடமிருந்து பிரித்த பிறகும் இதே மாதிரிதான் என்று அடுத்து வந்த ஆய்வு காட்டியது. மனம் சோர்ந்த மனிதரும் இப்படித்தான், நடுவில் நிற்கும் எதையும் கெட்டதாகவே எடுப்பார்.

இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சின்ன வயதில் அப்பப்பாவின் பட்டியில் கன்றைக் கட்டிப் பிடிக்கும் வேலை என்னுடையது.

குறி சுடுவதையும் ஆராய்வீர்களா? அதைக் கைவிட முடியாதே.

கிழக்கில் குறி இல்லாமல் பட்டி இல்லை, தெரியும். காட்டில் நூறு பட்டி கலந்து மேயும்போது எது யாருடையது என்பதற்கு அந்தச் சூடுதான் உறுதிப் பத்திரம், களவு போனால் பொலிசில் காட்ட அதுதான் இருக்கிறது. காதுத் தோடு அறுந்துவிடும், களவெடுப்பவன் அறுத்தும் விடுவான். அதனால் "நிறுத்துங்கள்" என்று நான் எழுந்து நின்றால் பட்டிக்காரர் என்னை அடுத்த தடவை வரச் சொல்ல மாட்டார்கள், அது நியாயமும்தான்.

ஆனால் தெரிந்ததைச் சொல்லத்தானே வேண்டும். சூட்டுக் குறிப் புண் ஆற குறைந்தது 8 வாரம் எடுக்கும் என்று கலிபோர்னியாவில் அளந்திருக்கிறார்கள், அவ்வளவு காலமும் தொட்டால் வலி கூடுதல். இங்கே நான் பார்ப்பவை சின்ன விஷயங்கள். இரும்பு நன்றாகப் பழுக்கவில்லை என்றால் ரெண்டு தரம் வைக்கிறார்கள், ஒரே எழுத்துக்கு ரெண்டு புண். உடம்பு முழுக்க எழுத்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அப்பாவின் பெயர், ஊர், பட்டி இலக்கம் என்று கடிதமே எழுதுவார்கள். ஓர் எழுத்துப் போதும் என்று ஒரு வீட்டில் ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு மூன்று வருடம் எடுத்தது. ஆய்வுக் கட்டுரையில் இது வராது.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

விடிய நாலரைக்குப் பட்டியில் நிற்க வேண்டும், பால் கறக்கும் நேரம். கையில் தாள், கழுத்தில் மணிக்கூடு. தாளில் முன்கூட்டியே ஒரு நடத்தைப் பட்டியல் இருக்கும்: நிற்கிறது, படுத்திருக்கிறது, அசைபோடுகிறது, மேய்கிறது, நக்குகிறது, முட்டுகிறது, கன்றைத் தேடிக் கத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் வரைவிலக்கணம். "படுத்திருக்கிறது" என்றால் என்ன என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், பிறகு ஒரு மாடு முன்னங்காலை மடித்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அரை நிமிடம் அப்படியே நிற்கும்போது சிரிப்பு நின்றுவிடும். இது எதில் சேரும்? ஐந்து நிமிடத்துக்கொரு தரம் எல்லா மாட்டையும் ஒரு சுற்று பார்த்துக் குறிக்க வேண்டும். ரெண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் பிழை மாட்டில் இல்லை.

மத்தியானம் மூச்சு எண்ணுவோம். விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் ஒரு தரம் உப்பி இறங்கினால் ஒரு மூச்சு, அரை நிமிடம் எண்ணி இரட்டிக்க வேண்டும். 60க்கு மேல் போனால் மாடு வெக்கையில் கஷ்டப்படத் தொடங்கிவிட்டது. வாய் திறந்து நாக்கு வெளியே வந்தால் எண்ணவே தேவையில்லை, தாளை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்து ஊற்ற வேண்டும். ஆய்வு பிறகு.

முதல் வருடம் மாடுகளை அடையாளம் காண முதுகில் பெயின்டால் இலக்கம் போட்டேன். மூன்றாம் நாள் மழை. 1 எல்லாம் மறைந்து, 8 எல்லாம் 3 ஆகி, 16ஆம் மாடு 6ஆக மாறி எனக்கு ரெண்டு ஆறாம் இலக்கம். ஒரு கிழமைத் தரவு குப்பைக்குப் போனது. இப்போது முகத்தையும் கொம்பையும் பார்த்துப் பழகுகிறேன், அந்தக் கிண்ணியாப் பொடியன் மாதிரி.

ரோட்டில் ஏன் மாடு படுக்கிறது? இதைக் கண்டுபிடித்துத் தாருங்கள் முதலில்.

சரி. உட்துறைமுக வீதியிலோ நிலாவெளி ரோட்டிலோ இரவு ஓட்டியவர்களுக்கு இந்தக் கோபம் நியாயம்.

கறவை மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணித்தியாலம் படுக்கும், படுத்துக்கொண்டுதான் பெரும்பாலும் அசைபோடும். நேரத்தைக் குறைத்து, ஒன்றைத்தான் செய்யலாம் என்று நெருக்கினால் தின்பதை விட்டுப் படுப்பதைத் தெரிவு செய்கிறது என்று டென்மார்க்கில் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு முக்கியம். அடுத்தது ஈரம். காய்ந்த படுக்கையில் நாளுக்கு 13.8 மணித்தியாலம் படுத்த மாடுகள் ஈரப் படுக்கையில் 8.8 மணித்தியாலம்தான் படுத்தன, இது 2007இல் கனடாவில் அளந்தது. இப்போ வாடைக்காற்று மாதங்களில் திருகோணமலையைச் சுற்றிப் பாருங்கள். வயல் தண்ணீர், வளவு சேறு, காணியெல்லாம் வேலி. காய்ந்த, மேடான, சூடு கொஞ்சம் தங்கிய, நாலு பக்கமும் பார்க்கக்கூடிய இடம் எது? தார் ரோடு. வெயில் காலத்தில் அதே மாடுகள் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை மணலில் காற்றுக்குப் படுத்திருப்பதைப் பார்த்து வெள்ளைக்காரர் படம் எடுப்பார்கள். ரெண்டும் ஒரே காரணம், மாடு நல்ல படுக்கை தேடுகிறது. பிடித்து அபராதம் போடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு மேட்டு நிலத்தில் மணல் கொட்டி வைத்தால் எத்தனை மாடு ரோட்டை விட்டு அங்கே போகும் என்று பார்க்க ஆசை. காணி தருகிறவர் இருந்தால் சொல்லுங்கள்.

வெளிநாட்டு ஆராய்ச்சி எங்கட மாட்டுக்குப் பொருந்துமா?

பாதி பொருந்தும். எந்தப் பாதி என்பதில்தான் இங்கே ஒரு ஆராய்ச்சியாளருக்குச் சோறு.

என் முதல் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய மதிப்பீட்டாளர் ஒருவர் "படுக்கைத் தடுப்புகளின் நீளம் அகலம் தரப்படவில்லை" என்று எழுதியிருந்தார். தடுப்பா? அது ஒரு குளத்துக் கரை. இந்தத் துறையின் பெரும்பகுதி ஹொல்ஸ்டீன் என்கிற வெளிநாட்டுக் கறவை இன மாடு, கொட்டகை, குளிர் நாடு என்று வளர்ந்தது, கேள்விகளும் அங்கிருந்துதான் வருகின்றன.

வெக்கையை எடுங்கள். வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்து ஒரு சுட்டெண் கணக்கிடுவோம், அது 72ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குக் கஷ்டம் தொடக்கம் என்பது நெடுநாள் கணக்கு, பால் கூடின மாட்டுக்கு 68 என்றே இப்போது சொல்கிறார்கள். கச்சான் காற்றடிக்கும் ஒரு மத்தியானம் 34 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்று வையுங்கள், சுட்டெண் 85 வருகிறது. அது கிடக்கட்டும், இரவு 26 பாகை, 85 வீதம் என்றாலும் 77. குளிர் நாட்டு மாட்டுக்குக் கோடையிலும் இரவில் உடம்பு ஆற நேரம் கிடைக்கும், இங்கே சுட்டெண்படி பார்த்தால் இரவே வருவதில்லை. ஆனால் அதே இரவில் நாட்டு மாடு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு கிடக்கிறது! ஏனென்றால் அதன் தோல் வேறு, வியர்வை வேறு, பால் கொஞ்சமாகச் சுரப்பதால் உடம்புக்குள் எரியும் அடுப்பும் சின்னது. 2017இல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 5,000 சினை மாடுகளை இலங்கைக்கு இறக்கியபோது நோயும் இறப்பும் எதிர்பார்த்த பால் வராமையும் என்று பண்ணைக்காரர் பட்டபாடு ஞாபகம் இருக்கும். மாட்டைக் கப்பலில் கொண்டுவரலாம், அது பிறந்த நாட்டு இரவைக் கொண்டுவர முடியாது.

நிழலும் அப்படித்தான். 12 மணித்தியாலம் படுக்க விடாமல் வைத்த மாடுகளுக்கு, வெயிலில் படுக்கிறாயா, நிழலில் நிற்கிறாயா என்று நியூசிலாந்தில் தெரிவு கொடுத்தார்கள். சூடான நாளில் களைத்த மாடும் நிழலில் நிற்கப் போனது. நியூசிலாந்து வெயிலுக்கே அப்படி. வயல் வரம்பில் ஒரு மரமும் விடாமல் வெட்டுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

2022 டிசம்பரில் மாடுகள் குளிரில் செத்தன என்றார்களே, இந்த ஊரில் குளிரா?

மண்டூஸ் புயல் கடந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன, எங்கள் மாவட்டத்திலும்தான். நஞ்சு, வைரஸ், விண்கல் என்று எல்லாம் கதைத்தார்கள். காரணம் அவ்வளவு மர்மமில்லை.

நனைந்து ஊறிய, மெல்லிய மயிருள்ள மாட்டுக்கு ஏறக்குறைய 15 பாகைக்குக் கீழே போனாலே உடம்புச் சூட்டைக் காக்கக் கூடுதலாக எரிக்க வேண்டியிருக்கும், காற்றும் சேர்ந்தால் இன்னும் முந்தியே. எரிக்க என்ன இருக்கிறது? மாட்டின் பெரிய வயிறு ஒரு அடுப்பு, தீன் புளிக்கும்போது சூடு வரும். டிசம்பர் என்றால் பெரும்போகம், வயலெல்லாம் நெல், மாடுகளைக் காட்டு ஓரத்துக்கும் மேட்டுக்கும் துரத்தியாயிற்று, மேய்ச்சல் தரை வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது, அடுப்பு காலி. முதுகில் கொழுப்பும் இல்லை. ஒதுங்கப் பற்றை இல்லை. படுத்தால் சேறு, நின்றால் காற்று. இப்படி ஒரு இரவு, ரெண்டு இரவு. செத்தது குளிரில், அதற்கு மாடுகளைத் தயார் செய்தது அதற்கு முந்திய மூன்று மாதம்.

அந்தக் கிழமை நான் வெருகல் பக்கம் போனேன். வரம்போரம் கிடந்த மாடுகளில் பாதிக்கு மேல் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே திசையில் கிடந்தன. நடத்தைப் பட்டியலில் அதற்கு என்னிடம் சொல் இருக்கவில்லை.

கன்றைப் பிரிப்பது பற்றி?

வெளிநாட்டுப் பண்ணையில் பிறந்த அன்றே பிரித்துவிடுவார்கள், அது அங்கே பெரிய சண்டை. இங்கே கன்று ஊட்டினால்தான் நாட்டு மாடு பால் விடும், ஆகவே கேள்வி வேறு: இரவு முழுக்கக் கன்றைக் கட்டி வைத்துக் காலையில் ஒரு காம்பாவது விடுகிறீர்களா? பாலுக்கு விலை ஏறும்போது அந்தக் காம்பும் போய்விடும். தயிர்ச் சட்டி நிறைந்த வீட்டில் கன்றின் வயிறு ஒட்டிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு என்ன படிக்க வேண்டும்?

ஏ.எல். உயிரியல் அல்லது விவசாயம். பிறகு ரெண்டு பாதை. கால்நடை வைத்தியப் பட்டம் என்றால் இலங்கையில் பேராதனை மட்டும்தான், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி அதிகமாகத் தேவை. விவசாய இளமாணியில் விலங்கு விஞ்ஞானத்தைச் சிறப்பாக எடுப்பது மற்றப் பாதை, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம், பேராதனை, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ என்று இடங்கள் உண்டு. நம்ம ஊர்க் கோணேசபுரி வளாகத்தில் விவசாய பீடம் இல்லை, அதனால் வீட்டில் இருந்து படிக்கலாம் என்கிற கனவை விட்டுவிடுங்கள்.

நல்ல வகுப்பில் சித்தி, பிறகு தற்காலிகமாக ஒரு விரிவுரையாளர் வேலை, வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கும் காலம் அது. அதற்கிடையில் முதுதத்துவமாணி. பிறகு கலாநிதிப் படிப்புக்கு வெளியே போவது. விலங்கு நலனில் பிரிட்டிஷ் கொலம்பியா, குவெல்ஃப், எடின்பரோ, வாகனிங்கன், உப்சாலாவில் உள்ள சுவீடன் விவசாயப் பல்கலைக்கழகம் எல்லாம் பெயரெடுத்த இடங்கள். பேராசிரியருக்கு எழுதும்போது "மதிப்புக்குரிய ஐயா, எனக்கு விலங்கு என்றால் உயிர்" என்று தொடங்க வேண்டாம். எந்தக் கேள்வியை, எந்த மாட்டில், எப்படி அளக்க நினைக்கிறீர்கள் என்று பத்து வரி எழுதுங்கள். தம்பலகாமத்து எருமைப் பட்டியைப் பற்றிப் பத்து வரி எழுத அவர்களிடம் ஆள் இல்லை, அது உங்கள் கையில் இருக்கும் துருப்பு.

கணக்கு ஓடாது. பரவாயில்லையா?

பரவாய்தான். புள்ளிவிபரவியல் இல்லாமல் இந்தத் துறையில் நகர முடியாது. ஒரே பட்டியில் உள்ள 40 மாடு 40 சாட்சி ஆகாது, ஒன்று எழும்பினால் மற்றதும் எழும்பும். இது விளங்கிவிட்டால் மிச்சத்தைக் கணினி செய்யும்.

கமராவும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டதே, இனி ஆள் எதற்கு?

காலில் கட்டும் கருவி படுத்த நேரத்தை என்னை விடத் திருத்தமாகச் சொல்லும், நானும் பாவிக்கிறேன். கட்டின மூன்றாம் நாள் கருவியின் வார் உரசிக் காலில் புண் வந்த மாட்டை அது சொல்லவில்லை. பார்க்கப் போனதால் கண்டேன்.

பெண் பிள்ளைக்கு இது சரிவருமா?

உலக அளவில் இந்தத் துறையில் பெண்கள் நிறையப் பேர். இங்கே சிக்கல் மாட்டால் வருவதில்லை. விடிய மூன்றரைக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும், பட்டி காட்டுக்குள், வழியில் யானை. நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழகினேன், பிறகு பட்டிக்கார வீட்டுப் பெண்களே துணை வந்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கன்றுகளைப் பற்றிக் கேட்டால் ஆண்களை விட அவர்களுக்குத்தான் கூடத் தெரியும், பால் கறக்கும்போது கன்றைப் பிடிப்பது யார்? ஒரு நேர்முகத் தேர்வில் "கல்யாணம் கட்டினால் காட்டுக்குப் போவீங்களா?" என்று கேட்டார்கள். கட்டினேன், போகிறேன்.

சம்பளம்?

மாட்டு வியாபாரிக்குக் கிடைப்பதை விடக் குறைவு, மாட்டை விடக் கூட.

நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவீர்களா?

எங்கள் வீட்டில் பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை போடுவோம், சாப்பிடுவதில்லை. நான் ஆய்வு செய்யும் பட்டிகளில் பாதி முஸ்லிம் வீடுகளின் பட்டிகள், அவர்கள் சாப்பிடுவார்கள். கும்பிடுகிற மாட்டின் காலிலும் நொண்டி பார்த்திருக்கிறேன், விற்கப்போகிற மாட்டுக்கு இரவிரவாகப் புகை போட்டு நுளம்பு விரட்டுகிற வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

சட்டம் ஏதும் இருக்கிறதா?

1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். அபராதம் 100 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் அது காசு. புதிய சட்டமூலம் வரும் வரும் என்று நான் மாணவியாக இருந்தபோதே சொன்னார்கள்.

ஒரு நாள் வந்து பார்க்கலாமா?

தாராளமாக. நாலரைக்குப் பட்டியில் நிற்க வேண்டும், நாலே முக்காலுக்கு வந்தால் மாடுகள் கலையும், வெளியே நில்லுங்கள். குடை கொண்டுவர வேண்டாம், விரித்தால் பட்டியே ஓடும். மழையென்றால் தொப்பி, தறப்பாள். பளிச்சென்ற உடுப்பு வேண்டாம். மாட்டுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள், அதன் கண்ணுக்கு ஏறக்குறைய நாலு பக்கமும் தெரியும், அந்த ஒரு இடம் தவிர. வந்து முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் எழுத வேண்டாம், மாடுகள் உங்களைப் பார்த்து முடிக்கட்டும். தொலைபேசியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, மரத்துக்குக் கீழே கிடக்கும் குத்தியில் இருங்கள். ஒற்றைக் கொம்பு எருமை ஒன்று வந்து உங்கள் செருப்பை முகர்ந்து பார்க்கும். நக்கவும் கூடும். காலை இழுக்காதீர்கள்.